உண்டிவில்லை நீதான் வாங்கிப் போனாய்

அரூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் இன்று மதியம் வகுப்பு நடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கிய பெரிய தேன்கூட்டைத் தீயணைப்புக்காரர்கள் வந்து புகை போட்டுக் கலைத்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்தப் புகை வாசனை தலைமுடியை விட்டுப் போகவில்லை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நீ போய்ச் சில மாதங்கள் ஆன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் பதினொன்றாம் வகுப்பில் இருந்தோம். சைக்கிள் டியூபை வெட்டி நான் கட்டிய உண்டிவில்லைச் சாப்பாட்டு வேளையில் நீ கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்கக் கூச்சல். நம் பள்ளியிலும் தண்ணீர்த் தொட்டிக்கடியில் இருந்த தேன்கூடு கலைந்து, அந்தப் பக்கமாக வந்த கணக்கு சாரைத் தேனீக்கள் மொய்த்துவிட்டன. தருமபுரி ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிழைத்தார். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

தொட்டிக்குக் கீழே கிடந்த உண்டிவில் என்னுடையது என்று வகுப்புக்கே தெரியும். தலைமையாசிரியர் அறையில் நம்மை வரிசையாக நிறுத்தினார்கள். "நான் அடிக்கல சார்" என்றேன். அப்புறம் யார் என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அப்பாவின் பெல்ட்டு உன் முதுகில் விட்ட தழும்புகளை ஆற்றில் குளிக்கும்போது பார்த்திருக்கிறேன். ஆனாலும் உன்னை நான் காப்பாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். நீயே வாயைத் திறப்பாய் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். "எம் பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்று என் அம்மா வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வருஷம் வீணாகி, பாலக்கோட்டில் வேறு பள்ளியில் சேர்ந்தேன்.

அதன்பிறகு நீ என்னை விடவே இல்லை. வேறொருவனாக இருந்தால் என் கண்ணில் படாமல் ஒதுங்கியிருப்பான். நீ சனி ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தது நீ. உன் தோட்டத்துத் தக்காளியில் முதல் பறிப்பு மார்க்கெட்டுக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். என் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை நீ சாப்பிடவில்லை. எல்லோரும் நம் நட்பைப் பெருமையாகப் பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் நீ எதைக் கழுவுகிறாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஒகேனக்கல் போய்த் திரும்பிய அந்தச் சாயங்காலம் பென்னாகரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினாய். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா, ரொம்ப நாளா" என்றாய்.

"மழ வருது, வண்டிய எடு" என்றேன்.

மழை வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ காரணங்களை எடுத்துப் பார்த்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை. சொல்லிவிட்டால் நீ அதன்பிறகு வரமாட்டாய் என்று பயந்தேனோ என்னவோ.

கல்லீரல் கெட்டு ஓசூர் ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது, பரீட்சை வேலை முடியட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நான் வந்தபோது பாலக்கோட்டில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கடசி வரைக்கும் உங்களத்தாங்கண்ணா கேட்டுக்கிட்டிருந்தாரு. என்னமோ சொல்லணும்னாரு. எங்கிட்ட சொல்லுங்கன்னா மாட்டேன்னுட்டாரு. உங்களுக்குத் தெரியுங்களா?"

"அத எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாம்மா" என்றேன்.

"அப்ப மனசுல வெச்சிக்கிட்டுப் போகலீங்களா?"

"இல்லம்மா."

அன்றுதான் முதன்முதலாக அவள் அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பொய்யை நான் உனக்காகச் சொன்னேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேனா, தெரியவில்லை.

போன வாரம் பாலக்கோட்டில் கணக்கு சாரைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். ரொம்பத் தளர்ந்துவிட்டார். என் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் பேச்சைத் தொடங்கும் முன்பே, "நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்ப்பா. வெளையாட்டுப் பசங்க, வேணும்னா செஞ்ச? நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன். நீதான் வரமாட்டேங்கறியேன்னு இருந்தேன்" என்றார்.

உன் பெயர் என் நாக்குவரை வந்தது. அவருடைய ஒற்றைக் கண் அவ்வளவு நிம்மதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "சரிங்க சார்" என்றேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன், பஸ் ஏறினேன்.

நீ தினம் தினம் கேட்டுக்கொண்டிருந்தது 'மன்னிச்சிட்டேன்' என்ற ஒரே வார்த்தைதான். அது உன் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு கிழவரிடம், இத்தனை வருஷமும் தயாராக இருந்திருக்கிறது. உனக்குச் சேர வேண்டிய அதை என் பெயரில் நான் வாங்கி வந்துவிட்டேன். உன்னிடம் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.