நிலைப்படியைத் தொடாமல்

மே 11, சனி

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அந்தக் கட்டையில் துளை போடக் கூடாது."

பூருல் அக்கா வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரத்தை வெயில் காட்ட நிறுத்தியிருந்தார்கள். ஜூன் நான்காம் தேதி அதைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு, ஆடு குதிரைகளோடு மலை மேய்ச்சலுக்குப் போகிறார்கள். அக்காவின் சக்கர நாற்காலி அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டும். நிலைப்படி ஒரு சாண் உயரம். எங்கள் பட்டறையின் வதீம் அண்ணா குனிந்து அளந்துவிட்டு, "சாய்வுப் பலகையை இது மேலயே உக்கார வச்சு ரெண்டு போல்ட் போட்டா முடிஞ்சது" என்று சாக்பீஸால் கட்டையில் இரண்டு புள்ளி வைத்தார்.

அக்காவின் மாமியார் சோனுன் அம்மா பால் கறக்கப் போயிருந்தார். அக்கா அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். நான் அளவுகளை எழுதிக்கொண்டேன்.

நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்பது எனக்கு நடை பழகும்போதே தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை? இவ்வளவு படித்துவிட்டு நான் போய் இதைச் சொல்வதா என்ற கூச்சம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னக் காரணம்.

மே 16

மருந்துக்கடையில் வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு. பழைய பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறைதான் பட்டறை. சம்பளம் இல்லாமல் சக்கர நாற்காலி செய்யும் ஐந்து பேர், யாரோ கொடுத்த இரும்பு. இன்று ஒன்பது குழாய் வெட்டினேன். ஒன்றும் கோணவில்லை. போன வருஷம் இந்த இயந்திரத்தின் சத்தத்துக்கே கண்ணை மூடியவள் நான்.

"மருந்துக்கடைக்காரி, மாத்திரை எண்ணுற மாதிரியே வெட்டுறியே" என்றார் வதீம் அண்ணா. அவரிடமிருந்து இது பாராட்டு.

மே 19

நாற்காலிக்கு இருக்கை சரிபார்க்க அக்கா பட்டறைக்கு வந்தாள். குதிரையிலிருந்து விழுந்து இரண்டு வருஷம். போன கோடையில் அவளை நகரத்தில் தங்கை வீட்டு நான்காவது மாடியில் விட்டுவிட்டு எல்லோரும் மலைக்குப் போனார்கள். மூன்று மாதமும் ஜன்னல்தான்.

"செப்டம்பர்ல மலைலருந்து என் பொண்ணு வந்தா. மூணு வயசு. என்னைப் பாத்து 'அக்கா'ன்னு கூப்பிட்டா" என்றாள். "சிரிச்சுட்டேன். வேற என்ன பண்றது?"

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மே 25, சனி

ட்ரில் முனை கட்டையைத் தொட ஒரு விரற்கடை இருந்தது. சோனுன் அம்மா பால் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"டேய்! வீட்டோட கழுத்துலயா ஓட்டை போடுற?"

"அம்மா, இரும்புக்கு அதெல்லாம் தெரியாது" என்றார் வதீம் அண்ணா. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"இரும்புக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? நீ என்ன வானத்துல இருந்தா விழுந்த? இதே காராகோல் ஊர்ல பொறந்தவன்தான? தினம் ரெண்டு தடவை சக்கரத்தை அது மேல ஏத்தி இறக்குனா இந்த வீடு என்னத்துக்கு ஆகும்?" பிறகு குரலை இறக்கி, "அவ இந்த வருஷமும் தங்கச்சி வீட்டுல இருக்கட்டும்" என்றார்.

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். என்னிடம் சொன்னாள். "உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அன்னிக்கே உன் மூஞ்சில பாத்தேன். நான் இந்த வீட்டு மருமக, என்னால சொல்ல முடியாது. நீ சொல்லலாமில்ல?"

பத்து நாள் இருக்கிறது.

மே 26

சொல்லிவிட்டேன், வதீம் அண்ணாவிடம், எல்லாவற்றையும். அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"இதைப் பதினஞ்சு நாள் முன்னாடி சொல்லியிருந்தா ரெண்டு பலகை மிச்சம்."

"தெரியும்ணா."

"எனக்கும் தெரியும்தான். இரும்புப் பலகைக்கெல்லாம் எவன் சாஸ்திரம் பாப்பான்னு விட்டுட்டேன்." தலையைச் சொறிந்தார். "சரி, இப்ப என்ன? அழப்போறியா, படம் போடப்போறியா?"

படம் போட்டேன். பாலம் மாதிரி. வெளியே இரண்டு கால், உள்ளே இரண்டு கால், நடுவில் நிலைப்படிக்கு மேல் ஒரு விரல் இடைவெளி. எதன் மீதும் உட்காராது. போல்ட்டே வேண்டாம். உள்ளே இறங்கும் பாதியை மடித்து வைத்துவிடலாம்.

மே 27

தனியாகப் போய் சோனுன் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி, நேராக்கி, மறுபடி திருப்பினார்.

"தொடாதா?"

"தொடாதும்மா."

"காகிதம் தொடாது. உன் இரும்பு?"

"செஞ்சு கொண்டுவரேன். நீங்களே பாருங்க."

எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், போர்சோக், தின்னக் கொடுத்தார். அது சம்மதம் இல்லை, ஆனால் மறுப்பும் இல்லை.

ஜூன் 1, சனி

சோதனையைச் சோனுன் அம்மாவே கண்டுபிடித்தார். பலகையின் நடுவில் அக்கா நாற்காலியோடு நிற்க வேண்டும். இவர் தலையில் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்து, பலகைக்கும் நிலைப்படிக்கும் நடுவே விட்டு இழுப்பார்.

முதல் இழுப்பிலேயே சிக்கிக்கொண்டது. பாரத்தில் பலகை வளைந்திருந்தது.

"பாத்தியா?" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது சிக்கக் கூடாது என்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"நாளன்னைக்கு மறுபடி வரோம்" என்றேன். வதீம் அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் முடியும் என்று தெரியும். அடியில் நீளவாக்கில் இரண்டு பட்டை கொடுத்தால் வளையாது. கால்களையும் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

ஜூன் 2

வெட்டு, வெல்டிங், வெட்டு. இரண்டு பட்டையையும் நானே வைத்து ஒட்டினேன். விரலில் கொப்புளம்.

ஜூன் 3

துணி வந்தது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. சோனுன் அம்மா நம்பாமல் இன்னொரு முறை இழுத்தார். அதுவும் வந்தது. துணியை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "உள்ள வா, என்ன அங்கேயே நிக்கிற? அடுப்புல பால் பொங்குது" என்று மருமகளை அதட்டினார்.

அக்கா உள்ளே இறங்கிப் போனாள். வெளியே நானும் வதீம் அண்ணாவும் கருவிகளைப் பெட்டியில் அடுக்கினோம்.

ஜூன் 4

லாரி போய்விட்டது. நாற்காலியும் பலகையும் மேலே, கம்பளிகளுக்கு நடுவே.

செப்டம்பர் 14

நேற்று இறங்கி வந்தார்கள். மகள் வழி முழுக்க அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாளாம், இறக்கிவிட முடியவில்லையாம்.

பலகை வரவில்லை. மேலே பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு ஆகஸ்டில் பக்கவாதம் வந்து ஒரு கால் விளங்காமல் போயிருக்கிறது. அவர்கள் பனி விழும்வரை மலையில்தான் இருப்பார்கள். அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது சோனுன் அம்மாதான். எங்களைக் கேட்கவில்லை.