விலைப்பட்டியலின் முதல் தாள்

சிவகாசி,
24.7.2025

அன்புள்ள அசன் பாய்க்கு,

நீங்களும் பீவி ஜான் அக்காவும் சென்னையில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் ஆறு மாதமாகச் சரியில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பீர்கள், எனக்குத்தான் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

ஆடி பதினெட்டுக்கு இன்னும் பத்து நாள். அன்று ஏஜெண்டுகளுக்குக் கொடுக்க வேண்டிய புது வருசக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் பைண்டிங்கில் கிடக்கின்றன. போன சீசனில் உங்கள் ஆர்டர்களில் பாதி என்னிடம் வந்தது. அதையும் சேர்த்து அடித்ததில் மெஷினும் நானும் ஒன்றாக ஓய்ந்துவிட்டோம். சந்தோசப்பட வேண்டிய களைப்புதான், ஆனால் முடியவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அச்சுப் பிளேட் கழுவுகிற மருந்துத் தண்ணீரை நாங்கள் நாலு பிரஸ்காரர்களும் சாக்கடையில் விட்டோம். நீங்கள் மட்டும் தொட்டி கட்டிச் சுத்தம் செய்தீர்கள். அந்தச் செலவைக் கைக்காசில் தாங்கிக்கொண்டு எங்கள் விலைக்கே காலண்டரும் கொடுத்தீர்கள். தாங்க முடியாமல் போனபோது எங்களைக் கூப்பிட்டு, "தொட்டி எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும் அண்ணாச்சி. செலவப் பிரிச்சுக்கிடுவோம். அஞ்சு பேரும் ஒண்ணுபோல வெலைய ஏத்துனா யாருக்கும் நட்டமில்ல" என்றீர்கள். தலையாட்டினோம். டீயும் குடித்தோம்.

போன ஆடிக்கு, ஏற்றிய விலையை நீங்கள் பட்டியலில் அடித்து ஆல்பத்தோடு ஏஜெண்டுகளிடம் கொடுத்தீர்கள். உங்கள் பட்டியலைப் பார்த்த பிறகு நான் பழைய விலையையே அடித்தேன். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஆடி பதினெட்டில் போட்ட விலையை வருசம் முழுக்க மாற்ற முடியாது என்று தெரிந்துதான் செய்தேன். தையில் நீங்கள் பிரஸ்ஸை மூடினீர்கள். நான் செய்தது துரோகம். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஊரைவிட்டுப் போகிற அன்று, "தொட்டி காஞ்சிரப்படாது, பாத்துக்கோங்க" என்று பிரஸ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உங்களிடம் வேலை பார்த்த அய்யம்மாள் சித்திரையில் என்னிடம் வேலைக்கு வந்தாள். முதல் நாள் மருந்துத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, "தொட்டி எங்கன இருக்கு மொதலாளி?" என்று கேட்டாள். சாக்கடையைக் காட்டினேன். அவள் வீடு அந்தச் சாக்கடை போய்ச் சேருகிற ஓடைக்கரையில்தான் இருக்கிறது. வாளியைக் கீழே வைக்கவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அப்படியே நின்றாள்.

அன்றைக்கே உங்கள் தொட்டி அறையைத் திறந்தேன். மூன்று மாதமாக என் தண்ணீர் அதில்தான் போகிறது. தனியாளாகச் செலவைத் தாங்க முடியவில்லை பாய். நீங்கள் எப்படித்தான் இத்தனை வருசம் தாங்கினீர்களோ! மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு நீங்கள் சொன்னதையே நானும் சொன்னேன். "மொதல்ல நீங்க வெலைய அடிங்க அண்ணாச்சி, பெறகு பாப்போம்" என்று முத்துப்பாண்டி சிரித்தார். நாங்கள் உங்களுக்குச் சொல்லாமல் செய்ததை அவர் எனக்குச் சொல்லிவிட்டே செய்கிறார்.

ஏற்றிய விலையையே நேற்று அடித்துவிட்டேன். "பாய் கெதிதான் நமக்கும்" என்று வீட்டில் ஆவுடைத்தாய் அழுகிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

மகன் சுஃபியானின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆடி பதினெட்டுக்கு ஒருநாளாவது வாருங்கள். நான் கூப்பிட்டால் அந்த மூன்று பேரும் பொதுத் தொட்டிக்கு வரமாட்டார்கள், நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். உங்கள் மெஷினில் தூசி படியாமல் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

பட்டியலின் முதல் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சரிதான் என்று ஒரு வரி எழுதுங்கள். சரியில்லை என்றாலும் இனி மாற்ற முடியாது. ஆனாலும் எழுதுங்கள்.

ஆண்டவன் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

உங்கள் சாவியை வைத்திருக்கும்,
செல்லச்சாமி