ஒரே எண்ணில் இரண்டு ரூபாய்

என் பிரியத்துக்குரிய ஜமால் மச்சானுக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை குணசேகரனின் நாணயக் கடைக்குப் போலீஸார் சீல் வைத்தார்கள். தஞ்சாவூரில் அந்தத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நான் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, ஷட்டர் இறங்கி, பூட்டின் மேல் ஊற்றிய அரக்கு காய்கிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். முப்பது வருஷமாகச் செய்தியாளன். எத்தனையோ ஜப்தி பார்த்திருக்கிறேன். எதிலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. இதை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் நீங்கள் கிடங்குக் காப்பாளர். கன்டெய்னர் வந்து நின்றால், கதவில் தொங்கும் சீலின் எண்ணையும் கையில் இருக்கும் காகிதத்தின் எண்ணையும் ஒத்துப் பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, சீல் உடையாமலும் இருந்தால் கையெழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்கள் வேலை இல்லை. கீழ்வேளூருக்குத் திரும்பி வந்து பழைய நாணயம் சேர்க்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. டிவி ரிமோட்டின் உறையைப் பிரிக்கக்கூட அக்காவை விட்டதில்லை. "சீலோட இருந்தாத்தான் மாப்ள அது சரக்கு. பிரிச்சுட்டா வெறும் சாமான்" என்பீர்கள். நான் சிரிப்பேன்.

குணசேகரன் சிரிக்கவில்லை. கவனித்துக்கொண்டார்.

வெளிநாட்டில் சில நிறுவனங்கள் பழைய நாணயங்களைச் சோதித்து, தரத்துக்கு மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டித் தருகின்றன. பெட்டியின் தலைப்பில் ஒரு சீட்டு. அதில் நாணயத்தின் பெயர், மதிப்பெண், ஓர் எண். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் விவரம் வரும். வில்லியம் மன்னர் தலை பொறித்த வெள்ளி ரூபாயை அப்படியொரு பெட்டியில் குணசேகரன் உங்கள் முன் வைத்தார். நீங்கள் பிரவுசிங் சென்டருக்குப் போய் எண்ணைப் போட்டுப் பார்த்தீர்கள். பெயர் சரி, மதிப்பெண் சரி. பெட்டியில் கீறல் இல்லை, பிளவு இல்லை. கிடங்கில் போட்ட கையெழுத்தையே இங்கேயும் போட்டு வாங்கிக்கொண்டீர்கள். கூடவே இருந்த படத்தைத் திறந்து பார்க்கவில்லை. நாணயத்தையும் பார்க்கவில்லை.

எண் உண்மையானதுதான், மச்சான். எங்கோ யாரோ வைத்திருக்கும் உண்மையான ரூபாயின் எண் அது. அதைத் திருடி, போலிச் சீட்டில் அச்சடித்து, போலிப் பெட்டிக்குள் போலி ரூபாயை வைத்திருந்தார்கள்.

கும்பகோணத்துக் கல்யாண மண்டபத்தில், நீங்கள் உறுப்பினராக இருந்த நாணயச் சங்கத்தின் கண்காட்சி நடந்தபோது நான் உங்களோடு இல்லை. வேதாரண்யத்தில் மழை கரைத்துவிட்ட உப்பளங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரித்ததை வைத்துச் சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர் தன் செல்போனில் உங்கள் பெட்டியின் எண்ணைத் தட்டினார். இணையதளத்துப் படத்தில் மன்னரின் கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. உங்கள் ரூபாயில் கன்னம் மொழுமொழுவென்று இருந்தது. "இது அந்தக் காயின் இல்லையே சார்" என்று அவர் மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

மெதுவாகச் சொல்லாதவர் குணசேகரன். "நான் குடுத்தது ஒரிஜினல். பாய் பெட்டியத் தொறந்து உள்ள இருந்தத மாத்திட்டாரு. வளைகுடாவுல என்னென்ன கத்துக்கிட்டு வந்தாரோ" என்று மேடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். யாரோ சிரித்தார்கள். அன்றே கூட்டம் போட்டு, உறுப்பினர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை அடித்து, மைக்கில் அறிவித்தார்கள். நீங்கள் பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கீழ்வேளூர் பஸ் ஏறினீர்கள். நான் போன் செய்தபோது, "ஒண்ணுமில்ல மாப்ள, நீ வேலையப் பாரு" என்றீர்கள். நானும் வேலையைப் பார்த்தேன்.

குணசேகரன் உங்களைக் கொன்றார் என்று எழுதமாட்டேன். சான்றிதழில் மாரடைப்பு என்றிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய நாலு மாதம் நீங்கள் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. ஜும்ஆத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்று, முதல் ஆளாக வெளியே வந்தீர்கள். இது எனக்கு உறுதியாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் அக்கா உங்கள் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கிடங்குப் பழக்கத்தில், உங்கள் கண்ணில் பட்ட ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் எங்கே பார்த்தீர்கள் என்பதோடு எழுதிவைத்திருந்தீர்கள். சொந்தப் பெட்டிகள் மட்டுமல்ல, போகிற வீடுகளில் பார்த்ததும். நான் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தேன். உங்கள் வில்லியம் ரூபாயின் எண் பதினாலு பக்கம் தள்ளி இன்னொரு முறை வந்தது. பக்கத்தில், வேதாரண்யம் வைத்தியலிங்கம் வீடு என்று பேனாவில் இருந்தது. அந்த எண்ணுக்கு அடியில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு.

அந்தக் கோட்டை எப்போது போட்டீர்கள்?

உப்பள முதலாளி வைத்தியலிங்கத்தைத் தேடிப் போனேன். பீரோவின் அடித்தட்டில் துண்டுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்தார். அதே மன்னர், அதே மதிப்பெண், அதே எண்.

"யார்கிட்டயாச்சும் காட்டியிருக்கீங்களா?" என்றேன்.

"ஜமால் பாய் ஒருத்தருதான் பாத்தாரு. எம் பொண்டாட்டிக்கே காட்டலங்க. காட்டுனா கொலுசா மாத்திப்புடுவா. கடைக்காரரும் வெளிய எடுக்காதீங்க, கண்ணுபடும்னாரு."

"கடைய யாரு சொன்னாங்க?"

"உங்க மச்சான்தான். அப்பல்லாம் அவரு சொன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்குவோம்."

கோட்டின் காரணம் அப்போது எனக்குப் புரிந்தது. இந்தப் பெட்டியை அந்த மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருந்தால் நீங்கள் தப்பித்திருக்கலாம். உங்கள் பேச்சை நம்பி வாங்கிய மனிதரிடம், உன்னுடையதும் போலி என்று சொல்ல வாய் வராமல்தான் இருந்துவிட்டீர்களா? அந்த வெட்கம் உங்களுக்கு எதற்கு? அது குணசேகரனுடையது அல்லவா?

விஷயத்தைச் சொன்னேன். வைத்தியலிங்கம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பாய் மாத்தல."

"இல்லீங்க."

"நான் அந்தப் பேச்ச நம்புனேன் சார். அவரு மவுத்துக்குக்கூட வரல" என்றார். பெட்டியை என் கையில் வைத்தார். "கொண்டு போங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு சுவாமிமலையில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்தபதியிடம் போனேன். தலைமுறையாக மெழுகுக் கருவைக் கட்டி வெண்கலம் வார்க்கிறவர். பட்டறை வாசல் வெயிலில் நின்று, பெட்டிக்கு வெளியிலிருந்தே லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது அச்சுல அடிச்ச காசு இல்லீங்க. ஊத்துனது. அடிச்சா எழுத்தோட ஓரம் கத்தியாட்டம் நிக்கும். இதுல பாருங்க, கரைஞ்ச சோப்பு மாதிரி இருக்கு. மூக்குப் பக்கத்துல குட்டிக் குட்டிக் குழி, காத்து நின்ன இடம். என்கிட்ட வேலை பாக்குறவன் இப்படி ஊத்துனா சம்பளத்தப் பிடிப்பேன்" என்றார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "ரெண்டுலயும் குழி ஒரே எடத்துல இருக்கு. குழி விழுந்த ஒரே காசுலேருந்து கரு எடுத்து ரெண்டையும் ஊத்தியிருக்கான். பொட்டிய மட்டும் நல்லாப் பண்ணிருக்கான்."

எல்லாம் கையில் இருந்தும் நான் எழுதவில்லை. அடுத்த கண்காட்சிக்கு ஏழு மாதம் இருந்தது. காத்திருந்தேன். அவசரப்பட்டு எழுதினால் அவர் மறுப்பு அனுப்புவார். எனக்கு அவர் மறுப்பு வேண்டாம். அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அதே மண்டபத்தில், அதே ஆட்களுக்கு முன்னால்.

கண்காட்சியைப் பற்றிப் பேட்டி என்றதும் குணசேகரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ரெக்கார்டரை மேஜையில் அவருக்கு முன்னாலேயே வைத்தேன். பக்கத்தில் சங்கச் செயலாளர். சுற்றிலும் இருபது பேர் இருப்பார்கள். கூட வந்திருந்த வைத்தியலிங்கத்திடம், நான் திருப்பிக் கொடுத்திருந்த அவருடைய பெட்டியை எடுக்கச் சொன்னேன்.

"இது உங்க கடையில வாங்குனதுங்களா?"

"ஐயாவுக்கு நானே கையால குடுத்தது." குணசேகரன் லென்ஸை எடுத்து நாலு ஓரத்தையும் பார்த்தார்.

"யாராச்சும் தொறந்து மாத்தியிருக்கலாமா?"

"சான்ஸே இல்ல. சீல் அப்படியே இருக்கு. நான் குடுத்த மாதிரியே இருக்கு. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். பிறகு உங்கள் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். செயலாளரை இரண்டு எண்களையும் உரக்கப் படிக்கச் சொன்னேன். முதலாவதைப் படித்தவர், இரண்டாவதில் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஒரு எண்ணு ஒரு காயினுக்குத்தானே வரும்? இதுல எத எங்க மச்சான் மாத்துனாரு?" என்று கேட்டேன்.

குணசேகரன் பெட்டிகளைப் பார்க்கவில்லை. ரெக்கார்டரைப் பார்த்தார். அதை நோக்கிக் கை வந்தது, பாதியில் நின்றது. மேல் உதட்டில் வேர்வை. நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் அவருக்குப் பேச ஒரு வழி கிடைக்கும். சும்மா இருந்தேன். அந்த மண்டபத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் அப்படி நின்றீர்களோ தெரியாது. அவரையும் நிற்கவைத்தேன். அவசரம் இல்லாமல் பார்த்தேன்.

மறுநாள் செய்தி வந்தது. வைத்தியலிங்கமும் அக்காவும் புகார் கொடுத்தார்கள். கடையைச் சோதித்தபோது காலிப் பெட்டிகளும் அச்சடித்த சீட்டுகளும் கிடைத்தன. உங்கள் எண்ணிலேயே இன்னும் ஐந்து சீட்டு.

கடைக்குச் சீல் வைத்த மூன்றாம் நாள் செயலாளர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். "அம்மா, பாயோட பேர பட்டியல்ல மறுபடி சேத்துடறோம். குணசேகரன் குடும்பஸ்தன். புகார வாபஸ் வாங்கிட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள். உங்களுக்குத் தெரியுமே, அவள் சத்தம் போடமாட்டாள்.

"அவரு பேர எடுத்தப்ப மைக்குல சொன்னீங்க. சேக்குறப்ப மட்டும் எங்க வீட்டு வாசல்ல வந்து சொல்றீங்க. மைக்குல சொல்லுங்க. அதுக்கும் புகாருக்கும் சம்பந்தமில்ல. அந்தப் பைய எடுத்துக்கங்க, எங்க வீட்டுல ஆப்பிள் திங்கிற ஆளு போயிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மைக்கில் சொன்னார்கள், மச்சான். உங்கள் பெயர், உங்கள் அத்தா பெயர், ஊர், சங்கம் தவறு செய்தது என்ற வரி. நான் பின்வரிசையில் நின்று குறித்துக்கொண்டேன். ஒரு வார்த்தையும் விடவில்லை.

நேற்று குணசேகரனை நேரில் பார்த்தேன். முன்ஜாமீன் வாங்கி, ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்திருந்தார். வாசலில் என்னை நிறுத்தினார். ஆள் இளைத்திருக்கிறார்.

"உங்க மச்சான் இருந்திருந்தா என்னைய மன்னிச்சு விட்டுருப்பாரு சார்."

"ஆமாங்க. அது தெரிஞ்சுதானே அவரு மேல பழியப் போட்டீங்க" என்றேன்.

அவர் சொன்னது உண்மைதான். நீங்கள் மன்னித்திருப்பீர்கள். போகட்டும் விடு மாப்ள என்று எனக்கும் சொல்லியிருப்பீர்கள். நான் உங்களைப் போல நல்லவன் இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவேன். அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். தீர்ப்பு வருகிற வரைக்கும் எழுதுவேன், வந்த பிறகும் எழுதுவேன். மறுமையில் இதற்காக நீங்கள் என்னைக் கோபித்துக்கொண்டால், அங்கே வந்து வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்கள் மனைவியின் ஒரே தம்பி,
ஹபீப்