நிவேதாவின் பெயருக்கு நேரே

நான் திட்டத் திட்டச் சிரிக்கிற என் சாவித்திரி அக்காவுக்கு,

நீ போன பிறகு, முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நீ நடத்திய ஸ்கேன் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். உடலியங்கியல் பாடம் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தவள் நான். நேற்று செய்முறைத் தேர்வு. இன்று மாலைக்குள் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். நிவேதா என்கிற ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே மட்டும் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதனால்தான் உன்னிடம் வந்திருக்கிறேன்.

நீ வைத்த கேள்விதான். கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். படம் வந்தால் மார்க், வராவிட்டால் பூஜ்யம். "நல்ல புள்ள, பாவம்னு எல்லாம் மார்க் போடாதடி" என்பாயே. பிள்ளைகள் ஸ்கேன் செய்து பார்ப்பதற்காகக் கட்டிலில் வழக்கம்போல நம் காலேஜ் பஸ் ஓட்டுகிற பழனிசாமி அண்ணன்தான் படுத்திருந்தார். உக்கடத்திலிருந்து வெறும் வயிற்றோடு வந்து, சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, விலா எலும்புக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார்கள். "வலிக்குதுங்களாண்ணா?" என்று தவறாமல் கேட்டார்கள். நீ பழக்கிவிட்டுப் போன கேள்வி. "ஒண்ணுமில்லீங்க கண்ணு, நீங்க பாருங்க" என்றார் அவர். படம் வந்தது, நான் டிக் அடித்தேன்.

அப்புறம் நிவேதா வந்தாள். உடுமலைப் பெண், வகுப்பில் எப்போதும் கடைசி வரிசை. அழுத்தினாள், நகர்த்தினாள், திரும்பவும் அழுத்தினாள். திரையில் ஒன்றும் பிடிபடவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தேர்வு நடக்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. திடீரென்று அவள் கருவியை எடுத்து அதன் இடத்தில் மாட்டினாள்.

"அண்ணா, உங்களுக்கு வலிக்குது."

"அதெல்லாம் இல்லீங்க அம்மணி..."

"நான் அழுத்தறப்பெல்லாம் மூச்சப் பாதியிலயே நிறுத்தறீங்க. மேடம், இதுக்கு மேல நான் அழுத்த மாட்டேனுங்க."

மணி அடித்துவிட்டது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. படம் எடுக்கத் தெரியாமல் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அண்ணன் முகம் வெளிறிக் கிடந்தது. ரேடியாலஜி டாக்டரைக் கூப்பிட்டோம். பித்தப்பையின் வாயில் கல் அடைத்து, பை வீங்கியிருந்தது. நாங்கள் கேட்டது சிறுநீரகத்தை. பக்கத்திலேயே இருந்ததை ஒருவரும் தேடவில்லை. சாயங்காலமே ஆபரேஷன் செய்தார்கள்.

இன்று காலை வார்டுக்குப் போனேன். கண் விழித்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று, நோயாளி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். "கொஞ்ச நாளாவே வலிதானுங்க. நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டா புள்ளைங்க பரிட்சை கெட்டுப்போகுமுங்களே" என்கிறார்! இந்த ஊர் மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல். நீ மட்டும் என்ன, உன் வலியை என்றைக்காவது என்னிடம் சொன்னாயா? கண்ணை மூடுகிற வரைக்கும் "ஒண்ணுமில்லடி" தானே? உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அக்கா.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு தீர்ப்பு. உயிரைக் காப்பாற்றியவளுக்கு முழு மார்க் போடு என்கிறார் ஒருவர். படமில்லையென்றால் பூஜ்யம், அது உன் அக்கா வைத்த விதி என்கிறார் இன்னொருவர். நான் நிவேதாவையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"எனக்கு மார்க் போடாதீங்க மேடம். கிட்னி எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியலீங்க. ஸ்கிரீன்ல ஒண்ணும் புரியாமத்தான் அவரு மூஞ்சியப் பார்த்தேனுங்க" என்றாள்.

அக்கா, படம் கிடைத்த ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே பூஜ்யம் போட்டுவிட்டேன். அவளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். துறைத் தலைவர் குதிப்பார், பெற்றோர்கள் படையெடுத்து வருவார்கள். வரட்டும். மறுதேர்வில் படமும் வேண்டும், படுத்திருப்பவரின் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் தேறவிட மாட்டேன், நிவேதாவையும் சேர்த்துத்தான்.

உனக்கு வாக்குத் தருகிறேன். அன்றைக்குக் கட்டிலில் நானே படுக்கிறேன். ஏதோ ஓரிடத்தில் அழுத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வலிக்கிறதா என்று கேட்டால், உன்னைப் போலவே சிரித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்பேன்.

உன் ஒரே தங்கச்சி,
கௌசல்யா