பச்சையம்மாவின் கடைசி இன்னிங்ஸ்

என் அருமை அண்ணி,

அங்கே உங்களுக்கு எதிராக ஆட யாராவது கிடைத்தார்களா? கிடைக்காவிட்டாலும் நீங்களே கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, நீங்களே பக்கத்தைப் படித்து, உங்களோடேயே சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். சும்மா இருக்கிற ஆளா நீங்கள்?

நீங்கள் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். கூடுவாஞ்சேரியில் எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி. எனக்கும் அங்கேதான் வேலை, தினம் ரயிலில் போய்வருகிறேன். செங்கல்பட்டு வீடு அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் கல்பாக்கத்துக்கு இன்னமும் ஷிப்ட் பஸ்ஸில்தான் போகிறார், இன்னமும் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுத்தான் போகிறார். இதெல்லாம் சேதியே இல்லை. சேதி வேறு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். செய்யூரிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் மாதமே என் அண்ணி எங்கள் வீட்டில் ஒரு கிரிக்கெட் லீக் தொடங்கினார். பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. ஒரு தடித்த டெலிபோன் டைரக்டரியும் ஒரு நீள நோட்டும்தான். பேட்டிங் பக்கம் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு டைரக்டரியைத் திறக்கவேண்டும். எதிர்ப்பக்கம் இருப்பவர் இடதுபுறப் பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் படிக்கவேண்டும். இரண்டு, நாலு, ஆறு என்றால் அத்தனை ரன். எட்டு என்றால் ஒரு ரன். பூஜ்யம் என்றால் அவுட். எதிராளி படிக்கும்வரை கண்ணைத் திறக்கக்கூடாது. அந்த விதியில் மட்டும் அண்ணி மகா கறார்.

மொத்தம் எட்டு ஊர், எட்டு டீம். செய்யூர் அவருடையது, மாமல்லபுரம் என்னுடையது, மற்ற ஆறையும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் பெண்கள். வருஷத்துக்கு ஒரு சீசன், ஒவ்வொரு டீமுக்கும் பதினாலு மேட்ச். நோட்டின் முதல் பக்கத்தில் 'சாதனை' என்று கட்டம் போட்டு ஒரே ஒரு வரி: ஒரு சீசனில் அதிக ரன், ஸ்டெல்லா, மாமல்லபுரம், 291. ஸ்டெல்லா என்னுடைய ஆள். டைப்ரைட்டிங் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயரை வைத்திருந்தேன்.

உங்கள் செய்யூரின் முதல் ஆட்டக்காரிக்குப் பச்சையம்மா என்று உங்கள் அம்மா பெயரை வைத்தீர்கள். ஏன் என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா அண்ணி?

"நாத்து நடறதுல எங்கம்மாவ அடிச்சிக்க அந்தச் சுத்துவட்டாரத்துலயே ஆளு இல்ல ராணி. எவன் எழுதி வச்சான்? இதுலயாவது எழுதுவோம்."

அதற்கப்புறம் நான் அந்தப் பெயரைக் கிண்டல் செய்ததே இல்லை.

கடைசி சீசனில்தான் உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. பாதி மேட்சுகளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆடினோம். போர்வைமேல் டைரக்டரி, தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு. நர்சம்மா ஊசியோடு வந்து நின்றால், "இர்ம்மா, ஓவர் முட்சிட்டு குத்து" என்பீர்கள். அந்த சீசனில் பச்சையம்மா பேயாட்டம் ஆடினாள். பதிமூன்று மேட்ச் முடிந்தபோது 284. பாயிண்டில் செய்யூரும் மாமல்லபுரமும் சமம். கடைசி மேட்ச் நமக்குள்தான். கோப்பை யாருக்கு என்பதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டெல்லாவைத் தாண்ட எட்டு ரன், எட்டே ரன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

டாக்டர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது அந்த வாரம்தான். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டைரக்டரியை 236ஆம் பக்கத்தில் விரித்து, முதுகை நன்றாக ஒடித்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி இரண்டு நாள் வைத்தேன். எங்கே தொட்டாலும் அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். இரண்டு ஆறு விழுந்தால் போதும். அது எனக்கு அப்போது பாசமாகத்தான் தெரிந்தது.

முதல் ஆறுக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டாவது ஆறை நான் சொன்னதும் உங்கள் முகம் மாறியது. கண்ணைத் திறக்காமலே புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தீர்கள்.

"இன்னா ராணி இது? வெரலு படறதுக்கு முன்னாடியே தொறந்துக்குது?"

நான் நோட்டின்மேல் குனிந்துகொண்டேன்.

"பாவம் பாக்குறியா? எங்கம்மாக்குப் பிச்ச போட்றியா நீ?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "நோட்ல அட்ச்சிடு. மேட்ச் செல்லாது. வேற புக்கு எட்துகினு வா, மொதல்லேர்ந்து ஆடலாம்."

பக்கத்து வீட்டில் கெஞ்சிப் புது டைரக்டரி வாங்கிக்கொண்டு மறுநாள் மத்தியானம் வந்தேன். வார்டு வாசலிலேயே அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீங்கள் என்னிடமிருந்து கடைசியாக வாங்கிக்கொண்டு போனது இரண்டு பொய் ஆறு. அதை நினைத்து எத்தனை முறை அழுதிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

அந்தப் புது டைரக்டரியையும் நோட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். யாரையும் தொடவிடவில்லை. தனியாக ஆடவும் முடியாது, உங்கள் விதிப்படி இரண்டு பேர் வேண்டுமே. உங்கள் பக்கம் திறப்பதற்கு யாரைக் கூப்பிடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு அடிக்க பீரோவை நகர்த்தினோம். அண்ணன் அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். நம் ஆட்டத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன அதே அண்ணன்தான்.

"பச்சையம்மா மாமியா மேட்ச் இன்னும் பாக்கி கீது போல?" என்றார்.

நான் அம்மிக்கல் கதையைச் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அவளுக்குப் பதிலு நான் தொறக்கறேன். நீ படி." கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

முதல் பந்து. அண்ணன் கை டைரக்டரி மேல் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. அப்புறம் திறந்தது.

410.

அண்ணன் கண் மூடித்தான் இருந்தது. நாலு என்று நான் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இன்னொரு நாலு சொல்லியிருந்தால் உங்கள் அம்மா பெயர் முதல் பக்கத்தில் ஏறியிருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அண்ணி, சத்தியமாகச் சொல்கிறேன்.

"இன்னா பேஜ்?" என்றார் அண்ணன்.

"அவுட்டு," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து அந்த எண்ணையே பார்த்தார். "சரியா பட்ச்ச. இப்பிடி பட்ச்சாதான் அவ ஒத்துக்குவா" என்றவர் அதற்குமேல் பேச முடியாமல் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். உங்களுக்காக அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பச்சையம்மா, 0 என்று எழுதினேன். அப்புறம் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். ஸ்டெல்லாவின் 291க்குக் கீழே இத்தனை வருஷம் வெறும் இடம்தான் இருந்தது. அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இரண்டாவது, பச்சையம்மா, செய்யூர், 284. ஒரு ரன் கூட்டவில்லை, அண்ணி. அத்தனையும் உங்கள் விரல் திறந்த பக்கங்கள்.

செய்யூருக்கு இன்னும் பத்துப் பேர் ஆட வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் உங்கள் பக்கம் உட்காருவார். கோப்பை யாருக்கு வந்தாலும், என்ன பக்கம் திறக்கிறதோ அதைத்தான் படிப்பேன்.

பாவம் பார்க்காமல் ஆடுகிற,
உங்கள் நாத்தனார்
ராணி