வாய் முட்ட அடித்த பெற்றோல்

மச்சான்,

ஆஸ்பத்திரி வளவில், காருக்குள் இருந்து எழுதுகிறேன். கையில் பெற்றோல் வாடை. மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களை அத்தர் வாசம் நினைவூட்டும் என்பார்கள்; உன்னை எனக்குப் பெற்றோல்தான் நினைவூட்டுகிறது. கோபிக்காதே.

உள்ளே என் மனைவிக்கு இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். நீ போன பிறகு அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. முடிந்து வெளியே வரும்போது அவளால் நிற்க முடியாது. பஸ்ஸுக்கு வழியில்லை. ஓட்டோவின் குலுக்கத்தை அவள் உடம்பு தாங்காது. இந்தப் பழைய கார்தான் கதி. அதற்கும் அவளைப் போல வருத்தம். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் ஒன்று எரிகிறது. கராஜில் மெஷினைப் பூட்டி அணைப்பார்கள். நானும் தேநீர்க்கடையில் போய், நானே திருத்தியது போல வீரம் பேசுவேன். சில நாளில் மறுபடி எரியும். வழியில் கார் நின்றும் போகும். ஒருமுறை லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"என்ட ரிப்போட்டுக்கு மேலயும் இப்பிடி ஒட்டுவீங்களா?"

என் வாயையே அடைத்தவள் அவள் ஒருத்திதான் என்று ஊருக்கே தெரியும்.

தட்டுப்பாட்டுக் காலத்துப் பெற்றோல் வரிசை நினைவிருக்கிறதா? வெயிலுக்கு உன் துணிக்கடைச் சாரனைக் கார் ஜன்னலில் தொங்கவிட்டு, மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை ஒரு வீட்டுக் கல்யாணப் பேச்சையும் மிச்சம் வைக்காமல் கதைத்தோம். எங்கள் முறை வந்து பம்ப் 'டக்' என்று நின்றதும், நீ டிக்கியைப் பிடித்து உலுக்குவாய்.

"குலுக்குடா மச்சான்! வயித்துக்குள்ள காத்து நிக்கிது. ஏப்பம் விட்டா இன்னும் கொஞ்சம் இறங்கும்."

"காருக்குப் பேயோட்டுறீங்களா காக்கா?" என்று பின்னால் கத்துவார்கள். நீ அசையமாட்டாய். "வாய் முட்ட இரிக்கணும். அவசரத்துக்கு ஆர்ர கால்லயும் விழப்படாது."

வரிசை போயிற்று, நீயும் போனாய், குலுக்கல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் வாய் முட்ட அடித்துக் குலுக்குவேன்.

நேற்று அவள்தான் கண்டுபிடித்தாள். "பெற்றோல் அடிச்சா மறுகாதானே இந்த லைட் பத்துது?"

கராஜ்காரனிடம் சொன்னேன். குனிந்து பார்த்தவன் சிரித்தான். "வாய் முட்ட அடிச்சு அடிச்சு, பெற்றோல் ஆவி போற கரிப்பெட்டிக்குள்ள பெற்றோலே போய் நிக்கிது காக்கா. நனைஞ்ச கரி எப்பிடி மூச்சு விடும்? காஞ்சா லைட் அணையும். காயாட்டி பெட்டி மாத்தணும். இந்த மொடலுக்குச் சாமான் கிடைக்கிறது கஷ்டம்."

பார்த்தாயா, நீ விட்டுப்போன சொத்தை?

இன்று காலை பெற்றோல் செட்டில் பம்ப் 'டக்' என்றது.

"இன்னும் அடிக்கவா ஹாஜியார்?" ஹஜ்ஜுப் பக்கமே போகாத என்னைத்தான் கேட்டான்.

"போதும்" என்றேன். சொல்லும்போதே இரண்டு கையும் டிக்கியைக் குலுக்கிக்கொண்டிருந்தன.

காருக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "கைய எடுங்க. அவர் போயிட்டார்."

எடுத்தேன். டேங் நிரம்பவில்லை என்ற பயத்தோடேயே ஓட்டி வந்தேன். லைட் இன்னும் எரிகிறது. வழியில் நின்றால் ஆருடைய காலில் விழுவேன்? நீயும் இல்லை.

அதோ, சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஒரு கையால் திறப்பைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பப் போகிறேன். மற்றக் கை ஸ்டியரிங்கைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறது, மச்சான்.