பக்கத்து நாற்காலி

பூரோஸ், சுவீடன்

அன்பு மனைவி கிராசாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அத்தை வேளைக்கு மருந்து சாப்பிடுகிறாரா? நான் சௌக்கியம். நேற்றுக் காலை பனிச்சறுக்கு விளையாடப் போய் விழுந்ததில் இடுப்பு லேசாகப் பிடித்திருக்கிறது, கவலைப்படாதே.

மாலை தேவாலயத்தில் கச்சேரி. அகதிக் குழந்தைகளின் குளிருடைக்காக நிதி திரட்டினார்கள். எங்கள் மில் கம்பளி கொடுத்ததால் மேலாளரான எனக்கு முன்வரிசை. மெழுகுவர்த்தி வெளிச்சம், ஜன்னலுக்கு வெளியே ஓசையில்லாமல் பனி. பாட்டு நூல் நூலாகப் பிரிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. கண் சொருகிவிட்டது.

"ஏங்க, கொஞ்சம் கையை விடுறீங்களா? நான் கை தட்டணும்."

பக்கத்து நாற்காலியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் குன்வர் அம்மாள். அவருடைய கோட்டுக் கையை இரண்டு விரலால் உருட்டி உருட்டி நெசவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"மன்னிச்சிடுங்கம்மா, தொழில் புத்தி."

"அது கெடக்கட்டும். துணி தேறுமா, தேறாதா? அதச் சொல்லுங்க."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நம் ஊர் தேவாலயப் பூசையில் நான் இப்படிச் செய்தால் பட்டென்று கையில் ஒன்று போடுவாய். இங்கே போட ஆளில்லை.

நீ சமைக்கிற காட் மீன் இங்கேயும் தாராளம். உன் கைப்பக்குவம்தான் வரமாட்டேன் என்கிறது. ஒரு டின் ஆலிவ் எண்ணெய் அனுப்பு. கூடவே உன் பழுப்புச் சால்வை. குளிருக்குத்தான் என்று அத்தையிடம் சொல். அடுத்த கச்சேரியில் அதைப் பக்கத்து நாற்காலியில் போட்டுக்கொள்வேன்.

நம் ஊருக்குப் போகிற நூல் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், அவரிடமே இதைக் கொடுக்கிறேன். சால்வையைத் துவைத்துவிடாதே.

உன்
பெல்மீரு